ஆறாவது இலை

எதிர்வீட்டு அடுப்பில் வேகிறது அரிசியா மரவள்ளிக்கிழங்கா என்று வாசலில் நின்றபடியே சொல்லிவிடுவேன். எந்த வீட்டுப் படியில் எத்தனை ஜோடி செருப்பு கிடக்கிறது, அதில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தது எது, கொடியில் காயும் சட்டையில் எந்தப் பொத்தான் மாறியிருக்கிறது, எல்லாம் நான் தேடாமலே கண்ணில் வந்து விழும். ஆனால் உன் மனசில் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டுவிட்டால் திருதிருவென்று விழிப்பேன். இது அடக்கம் இல்லை, நடிப்பும் இல்லை. உள்ளே எட்டிப் பார்த்தால் எனக்கு ஒன்றும் தெரியாது, அவ்வளவுதான்.

சின்ன வயதிலிருந்தே அப்படி. என் தகப்பனார் தம்பின் என்ற ஊரில் ரயில் நிலையத்தில் வேலை பார்த்தவர். வருகிற வண்டியில் எத்தனை பெட்டி, இறங்குகிறவர்கள் கையில் என்ன மூட்டை என்று எண்ணிக்கொண்டே வளர்ந்தவள் நான். கல்யாணத்தன்று காலையில் என் அம்மா கன்னத்தைத் தடவி, சந்தோஷமா இருக்கியா என்று கேட்டார். பந்தலில் வலது பக்கக் கால் சாய்ந்திருக்கிறது என்று பதில் சொன்னேன். சாய்ந்துதான் இருந்தது. ஆனால் அம்மா கேட்டது அது இல்லை என்று எனக்குப் புரிய வருஷங்கள் ஆயின.

என்னைக் கட்டிக்கொடுத்த இடம் மலாக்காவில் காஜா பேராங். செட்டிகள் குடியிருப்பு. அவர்களுக்குச் சாமி நம் சாமி, பெயர் நம் பெயர், பேச்சு மட்டும் மலாய். பெண்கள் கெபாயா சட்டையும் சாரோங்கும் கட்டிக்கொண்டு மாரியம்மனைக் கும்பிடுவார்கள். நான் ஒருத்திதான் அந்த வீட்டில் தமிழில் தும்முகிறவள் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். மாமியாரை எல்லாரையும் போல நானும் மாக் என்று கூப்பிடப் பழகினேன். அம்மா என்று அர்த்தம். இங்கே அவர்கள் பேசியதாக நான் எழுதுவதெல்லாம் மலாயில் பேசியது. எனக்கு எழுதத் தெரிந்தது தமிழ்தான்.

என் வீட்டுக்காரர் பொதுப்பணி அலுவலகத்தில் கணக்கு எழுதும் கிராணி. ஒல்லி, உயரம், கண்ணாடி போடாவிட்டால் சுவரில் முட்டிக்கொள்வார். கல்யாணமான முதல் வாரமே நான் ஒன்றைக் கவனித்தேன். மீனும் அன்னாசியும் போட்டுப் புளிப்பாக ஒரு குழம்பு வைப்பார்கள், பிண்டாங் என்று பெயர். அது வைத்த அன்று அவர் தட்டில் சோறு விழுந்ததும் முதல் வேலையாக அன்னாசித் துண்டுகளைப் பொறுக்கித் தின்பார். ஒரு துண்டு மிச்சம் இருக்காது. அதற்கப்புறம்தான் மீனைத் தொடுவார். ஆகா, அவருக்குப் பிடித்ததைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். அன்றிலிருந்து என் தட்டில் விழுகிற அன்னாசியையும் அவர் தட்டில் எடுத்துப் போட ஆரம்பித்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் அதையும் தின்று முடிப்பார். மாக் என்னையும் பார்ப்பார், மகன் தட்டையும் பார்ப்பார், உதட்டோரம் ஒரு சிரிப்பு வரும். மருமகளுக்குக் கண் கூர்மை என்று மெச்சிக்கொள்கிறார் என்று எனக்குள் பெருமை வேறு.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். அரிசி மறைந்தது, கிழங்கு வந்தது. கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னால் திருகி வைக்கச் சொன்னார்கள், டோக்கியோவில் அப்போது அந்த நேரமாம். சூரியன் ஒன்று சொல்லும், சுவர்க்கடிகாரம் வேறொன்று சொல்லும். நாங்கள் கடிகாரத்தின்படி எழுந்து, வெயிலின்படி பசித்தோம். அவருடைய கண்ணாடியின் இடதுபக்கத் திருகாணி விழுந்துவிட்டது. அந்தக் காலத்தில் ஒரு திருகாணிக்கு மலாக்கா முழுக்க அலைந்தாலும் கிடைக்காது. நான் நூலால் இறுக்கிக் கட்டிக்கொடுத்தேன்.

ஜப்பான்காரன் வந்த இரண்டாம் வருஷம் தம்பினிலிருந்து மலாக்காவுக்கு வரும் தண்டவாளத்தையே பெயர்த்தெடுத்தார்கள். சயாமில் போடுகிற ரயில் பாதைக்கு வேண்டுமாம். நான் பெட்டி எண்ணி வளர்ந்த பாதை. பெயர்த்த தண்டவாளத்துக்குக் கணக்கு எழுத ஆள் வேண்டுமென்று என் வீட்டுக்காரரை வைத்தார்கள். ஒரு நாள் காலையில், கூடவே போய் இறக்கிவிட்டு ஒரு மாதத்தில் வரலாம் என்று லாரியில் ஏறச் சொன்னார்கள்.

அந்த லாரியை இப்போதும் என்னால் வரைந்து காட்ட முடியும். பின்பலகையில் ஒரு கொக்கி இல்லை, கயிறு கட்டியிருந்தார்கள். பத்தொன்பது பேர். வலது பின்சக்கரம் வழவழவென்று தேய்ந்திருந்தது. அவர் ஏறுவதற்கு முன்னால் என் எதிரில் வந்து நின்றார். எதையோ எதிர்பார்த்து நிற்பது போல நின்றார். நூல் தளர்ந்தால் நனைத்துக் கட்டுங்கள் என்றேன். அவர் சிரித்துவிட்டு ஏறிக்கொண்டார். அந்த நேரம் என் மனசு என்ன பாடுபட்டது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கொக்கி இல்லாதது தெரியும்.

ஒரு மாதம் என்றது ஒரு வருஷமானது, அதற்கு மேலும் ஆனது. கடுதாசி கிடையாது, ஆள் கிடையாது. அவர் போன பிறகு வந்த இரண்டாவது போகிப் பண்டிகைக்குப் பத்து நாள் இருக்கும்போது, புக்கிட் ரம்பாயில் ஒரு தோட்டத்து ஆள் சயாமிலிருந்து தப்பி வந்து படுத்திருக்கிறான் என்று காற்றுவாக்கில் சேதி வந்தது. மாக்கும் நானும் நடந்தே போனோம்.

அவன் தமிழன். பாயில் கிடந்தான். முழங்காலுக்குக் கீழே வாழையிலை வைத்துக் கட்டியிருந்தது. காய்ச்சல் விட்டு விட்டு வந்ததில் பேச்சும் விட்டு விட்டு வந்தது. மலாக்கா டவுன்காரர் ஒருத்தர் இருந்தார், உயரமாக, மலாய்தான் பேசுவார், செட்டி வீட்டுப் பிள்ளை என்று சொன்னார்கள் என்றான். வாந்திபேதி கண்டவர்களைப் போட்டு வைக்கிற குடிசையில் அவர் கிடந்ததை ஒரு சாயங்காலம் பார்த்தானாம். மறுநாள் காலை பார்த்தபோது கோணி போட்டு மூடியிருந்ததாம். கண்ணாடியைக் கழற்றக்கூட இல்லையாம். இடது காதுப் பக்கம் நூல் கட்டின கண்ணாடி.

நான் மாக்குக்கு மலாயில் சொல்வதற்கு முன்னால் அவனைக் கேட்டேன், நூல் என்ன நிறம் என்று.

"நூலுதான், தங்கச்சி. கலர யாரு பாத்தா?" என்றான். நான் விடவில்லை. பல் வரிசை எப்படி, கை விரல் எப்படி, முகத்தில் மச்சம் இருந்ததா என்று கேட்டுக்கொண்டே போனேன். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். "அங்க யாரும் யாரு மூஞ்சியயும் பாக்கிறதில்ல. பாத்தா அடுத்தது நாமதான்னு தோணும்."

திரும்பி வரும் வழியெல்லாம் நூலைப் பற்றியே நினைத்துக்கொண்டு வந்தேன். முதலில் நீல நூலால் கட்டியிருந்தேன். அவர் போவதற்கு ஒரு வாரம் முன்னால் அவிழ்த்துப் புதிதாகக் கட்டினேன். அப்போது கட்டியது நீலமா கறுப்பா? ஊரார் வீட்டுப் பொத்தான் நினைவிருக்கிறது, என் கையால் கட்டிய நூல் நினைவில்லை. அவனுக்கே நிறம் தெரியாதபோது எனக்குத் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று அன்று தோன்றவேயில்லை. நிறம் தெரிந்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டேன்.

வீடு வந்து சேர்ந்ததும் மாக் காலைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்து கேட்டார். "உன் மனசு என்ன சொல்லுது?"

இதை ஏன் கேட்டார் என்று சொல்ல வேண்டும். செட்டி வீடுகளில் போகியன்று செத்துப்போனவர்களுக்குச் சாப்பாடு வைப்பார்கள். அதற்குப் பார்ச்சு என்று பெயர். யார் யாருக்கு என்னென்ன பிடிக்குமோ அதையெல்லாம் சமைத்து வாழையிலைகளில் பரிமாறி, சாம்பிராணி போட்டு, பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். பிறகு எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவார்கள், அவர்கள் வந்து நிம்மதியாகச் சாப்பிட. இலை ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஐந்து இலை. என் மாமனார், அவரைப் பெற்றவர்கள் இரண்டு பேர், மாமனாரின் அண்ணன், பிறந்து பதினோராம் நாள் போய்விட்ட மாக்கின் மூத்த பெண்.

இப்போது ஆறாவதாக ஒரு இலை போடுவதா வேண்டாமா என்பதுதான் கேள்வி. அவர் செத்திருந்து நாங்கள் இலை போடாவிட்டால், மற்றவர்கள் உள்ளே சாப்பிட அவர் மட்டும் பட்டினியாக வாசலில் நிற்பார். உயிரோடிருந்து நாங்கள் இலை போட்டுக் கூப்பிட்டுவிட்டால்? "கூப்பிட்டா வந்துடுவான்," என்றார் மாக். உயிரோடு இருப்பவர் அந்த இலைக்கு வர வேண்டுமென்றால் செத்துத்தான் வர வேண்டும்.

நான் சொன்னேன், தெரியவில்லை என்று. மாக்குக்குக் கோபம் வந்தது. பெற்றவளுக்குப் பயம்தான் தெரியும், பயம் உண்மை சொல்லாது, பெண்டாட்டிக்குத்தான் தெரியும், நீ யோசித்துச் சொல், நீ சொல்வதுபோல் செய்வோம் என்றார். ஒன்பது நாள் தவணை கொடுத்ததுபோல் இருந்தது.

யோசித்தேன் என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டில் கிழங்கு சீவுகிற சத்தம் கேட்டது. கோழி ஒன்று கொக்கரித்தது. சத்தத்தை வைத்து அது எந்தக் கோழி என்று தெரிந்தது. அது முட்டையிடும் இடத்தை மாற்றியிருப்பதும் தெரிந்தது. உள்ளே மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அழலாம் என்று முயன்றேன், அழுகை வரவில்லை. சிரிக்கவும் வரவில்லை. இப்படியும் ஒரு பெண்டாட்டி உண்டா என்று என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

தெருக்கோடியில் மளிகைக்கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பத்து அம்மா ஒருவர் எனக்குத் தமிழில் பேசக் கிடைத்த ஒரே ஆள். அக்கா முறை வைத்து லாத்தா என்று கூப்பிடுவேன். அவரிடம் போய்க் கேட்டேன், மனசு சொல்லும் என்கிறார்களே, எப்படிச் சொல்லும் என்று. அவர் தம்பி ஊரில் இறந்த நாளன்று, சேதி வருவதற்கு ரொம்ப முன்னாலேயே, துணி அலசிக்கொண்டிருந்தவருக்கு அடிவயிற்றில் ஏதோ கழன்று விழுந்ததுபோல் இருந்ததாம். "உனக்கு வயித்துல அப்புடி ஏதாச்சும் பண்ணுச்சா புள்ள?" என்று என் முகத்தையே பார்த்தார். வயிற்றில் பசிதான் இருந்தது. அது அந்த வருஷம் எல்லார் வயிற்றிலும் இருந்தது. லாத்தாவின் முக்காட்டில் ஒரு புதுக் கிழிசல் இருப்பதைப் பார்த்துக்கொண்டு, ஒன்றும் பண்ணவில்லை என்றேன்.

எட்டாம் நாள் காலை என் கல்யாணக் கெபாயாவை மடித்து எடுத்துக்கொண்டு புக்கிட் பாருவுக்கு நடந்தேன். அங்கே ஒரு தோட்டத்தில் அன்னாசி இருக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தேன். துணிக்குத்தான் அப்போது மதிப்பு. தோட்டத்துக்காரி கெபாயாவின் தையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒரு பழம் கொடுத்தாள். பேரம் பேசி இரண்டாக வாங்கினேன். ஒரு பழத்தின் அடியில் லேசான அழுகல் இருந்ததைக் காட்டி அதையும் மாற்றிக்கொண்டேன். கெட்டிக்காரி மாதிரி திரும்பி வந்தேன்.

இங்கேதான் எனக்கு இன்றுவரை புரியாதது ஒன்று இருக்கிறது. அன்னாசி வாங்கப் போனேன் என்றால் அவருக்கு இலை போட முடிவு செய்துவிட்டேன் என்றுதானே அர்த்தம்? போகும்போது எனக்கு அது தெரியாது. அன்னாசி கிடைக்குமா, வெயில் ஏறுவதற்குள் திரும்பலாமா என்பதுதான் தெரியும். மாக் வாசலில் என் கையிலிருந்த பழங்களைப் பார்த்தார். பிறகு கத்தியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய் வழக்கமான ஐந்து இலையோடு இன்னும் இரண்டு இலை அறுத்து வந்தார். நான் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லையே என்று நினைத்தேன். இல்லை மாக், இது சும்மா வாங்கினேன் என்று சொல்லியிருக்கலாம். அதையும் சொல்லவில்லை.

ஆறு இலை ஆகாது, அதனால் ஏழு. ஏழாவது யாருக்கு என்று கேட்டேன். அவனோடு வழித்துணையாக யாராவது வந்தால் அவர்களுக்கு என்றார்.

போகியன்று வீட்டில் இருந்த ஒரு சுண்டு அளவு அரிசியைக் கிழங்கோடு கலந்து வேகவைத்தோம். மீன் என்று சொல்லிக்கொள்ள விரல் நீளக் குஞ்சுகள். பிண்டாங் வைத்தேன். ஆறாவது இலையில் கிழங்குச் சோற்றுக்குப் பக்கத்தில் அன்னாசியையெல்லாம் குவித்து வைத்தேன், மற்ற இலைகளுக்கு ஒரு துண்டுகூட இல்லை. மாக் பக்கத்தில் நின்று நான் அடுக்குவதையே பார்த்தார். போதும் என்று சொல்லவில்லை. இன்னும் வை என்றார்.

பிறகு நேரத்தில் ஒரு சிக்கல் வந்தது. பார்ச்சுக்கு இன்ன நேரம் என்று அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மாமனார் காலத்து ஆட்களுக்கு டோக்கியோ நேரம் தெரியாது, அவர்கள் வெயிலைப் பார்த்துத்தான் வருவார்கள் என்றார் மாக். சரி, ஆனால் இவர் போனது ஜப்பான்காரன் கடிகாரத்தில்தானே, இவர் எந்த நேரத்துக்கு வருவார் என்று நான் கேட்டேன். கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். மாக் அதைச் சாதாரணமாகத்தான் எடுத்துக்கொண்டார். யோசித்துவிட்டு, கடிகார நேரத்துக்கே கதவைச் சாத்தி, வெயில் நேரம் வரைக்கும் திறக்காமல் இருப்போம், யார் எப்போது வந்தாலும் சாப்பிடட்டும் என்றார்.

ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் வாசலில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே ஏதாவது சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். பல்லி ஒன்று கத்தியது. மாக் வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். கதவைத் திறந்தபோது சாம்பிராணி அணைந்திருந்தது, இலைகளில் வைத்தது வைத்தபடி இருந்தது. வழக்கப்படி அதை நாங்கள்தான் பங்கிட்டுச் சாப்பிட வேண்டும். ஆறாவது இலையை மாக் என்னைத் தொட விடவில்லை. தானே எடுத்துக்கொண்டு போய், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அத்தனை அன்னாசியையும் தின்று முடித்தார்.

தாலியைக் கழற்ற வேண்டுமா என்று கேட்டேன். கேட்கும்போது என் குரல் கடையில் சாமான் விலை கேட்பதுபோல் இருந்தது.

"இலை போட்டது அவன் பசியா நிக்கக் கூடாதுன்னு," என்றார் மாக். "தாலி இருக்கட்டும். அவன் வந்து கேட்டா என்ன பதில் சொல்றது?"

ஆக, வீட்டில் இலையும் உண்டு, கழுத்தில் தாலியும் உண்டு. தெருவில் எல்லாருக்கும் குழப்பம். துக்கம் கேட்க வந்தவர்கள் என் கழுத்தைப் பார்த்துவிட்டுக் கிழங்கு விலை பேசிவிட்டுப் போனார்கள். நான் ஒரு நாள் பூ வைத்துக்கொண்டேன், ஒரு நாள் வைத்துக்கொள்ளவில்லை.

அந்த வருஷம் பாதிக்கு மேல் போய்விட்டது. ஜப்பான்காரன் தோற்றுவிட்டான் என்று ஊரில் குசுகுசுவென்று பேச ஆரம்பித்திருந்தார்கள், சத்தமாகச் சொல்ல இன்னும் பயம். ஒரு நாள் வெயில் நேரத்தில் நான் வாசலில் கிழங்கு மாவு காயப்போட்டுக்கொண்டிருந்தேன். தெருமுனையில் யாரோ வருவது தெரிந்தது. மாக் உள்ளே முறம் பின்னிக்கொண்டிருந்தார். வழக்கம்போல் நான் பார்த்ததைப் பார்த்தபடி அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். யாரோ ஒருத்தன் வருகிறான் மாக், கோணிதான் இடுப்பில், இடது காலை இழுத்து இழுத்து வைக்கிறான், கண் சரியில்லை போலிருக்கிறது, கையை முன்னால் நீட்டிக்கொண்டு வருகிறான், ஒவ்வொரு வீட்டு வேலியையும் தொட்டு எண்ணிக்கொண்டு வருகிறான்.

மாக் முறத்தைப் போட்டுவிட்டு வெளியே வந்தார். ஒரே ஒரு பார்வைதான். அவர் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. விழுந்தடித்துக்கொண்டு ஓடினார். நான் மாவு முறத்தைப் பிடித்தபடி நின்றேன். காலை எண்ணினேன், கையை எண்ணினேன், கோணியை எண்ணினேன். என் புருஷன் என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை.

ஓடிய மாக் அவரைத் தொடுவதற்கு நாலடி முன்னால் நின்றுவிட்டார். இலை போட்டுக் கூப்பிட்டது நினைவுக்கு வந்துவிட்டது. இது மகனா, கூப்பிட்டதற்கு வந்ததா? கால் தரையில் படுகிறதா என்று குனிந்து பார்த்தார். புண்ணிலிருந்து ஈ பறந்தது. ஈயைப் பார்த்த பிறகுதான் கட்டிக்கொண்டார்.

உயிரோடு இருப்பவனுக்குப் பார்ச்சு இலை போட்டுவிட்டால் என்ன பரிகாரம் என்று குடியிருப்பில் பெரியவர்களைப் போய்க் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. இந்தத் தப்பை எங்களுக்கு முன்னால் யாரும் செய்ததில்லை போலிருக்கிறது. ஒருவர் தலைமுழுகச் சொன்னார், ஒருவர் அம்மன் கோயிலுக்கு நடக்கச் சொன்னார். மாக் இரண்டையும் செய்ய வைத்தார்.

கண்ணாடி எங்கே என்று நான் என் வீட்டுக்காரரைக் கேட்டேன். மலாக்காக்காரர் இன்னொருவர், அவரும் எங்கள் செட்டிகளில் ஒருவர், அங்கே கண்ணாடியை உடைத்துக்கொண்டாராம். கண் தெரியாமல் தடுமாறினால் அடி விழும். அதனால் ஒரே கண்ணாடியை இருவரும் நாள் விட்டு நாள் மாற்றிப் போட்டுக்கொண்டார்களாம். அந்த இன்னொருவர் செத்த நாள் கண்ணாடி அவருடைய முறையாம். நான் கட்டியது நீல நூலா கறுப்பு நூலா என்று கேட்டேன். என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். நீ கட்டியது லாரியிலேயே அறுந்துபோய்விட்டது, நான் கோணியிலிருந்து சணல் உருவிக் கட்டினேன் என்றார். ஒன்பது நாள் நான் மண்டையை உடைத்துக்கொண்ட நூல் தம்பினைக்கூடத் தாண்டவில்லை.

அப்படியென்றால் அந்தப் பிள்ளைதான் வந்து சாப்பிட்டிருக்கிறான் என்று மாக் அழுதார். எந்த இலையில் என்று நான் கேட்கவில்லை.

அவர் வயிறு சோறு தாங்குகிற அளவுக்குத் தேற மூன்று வாரமானது. மூன்றாம் வாரம் மீன் கிடைத்தது, அன்னாசி கிடைத்தது. பிண்டாங் வைத்தேன். அவர் தட்டில் அன்னாசியைக் குவித்தேன், என் பங்கையும் சேர்த்து. அவர் பழையபடி அன்னாசியை முதலில் எடுத்து வாயில் போட்டார். எனக்கு அப்போதுதான் அவர் நிஜமாகவே வந்துவிட்டார் என்று நம்பிக்கை வந்தது. சந்தோஷத்தில் உளறினேன். உங்கள் இலையில்கூட அன்னாசிதான் குவித்தேன், கல்யாணக் கெபாயாவைக் கொடுத்து வாங்கினேன் என்று.

அவர் மெல்லுவதை நிறுத்தினார். மாக்கைப் பார்த்தார். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எனக்கு அன்னாசி பிடிக்காது."

எனக்குப் புரியவில்லை. முதலில் அதைத்தானே தின்பீர்கள் என்றேன். நாக்கு அரிக்கும், அதை முதலில் ஒழித்துவிட்டால் மீனை நிம்மதியாகச் சாப்பிடலாம், அதனால்தான் என்றார். ஒழித்துவிட்டு நிமிர்ந்தால் நீ உன் தட்டிலிருந்து இன்னும் நாலு துண்டு போடுவாய் என்றார். ஏன் இத்தனை வருஷம் சொல்லவில்லை என்று கேட்டேன். என் குரல் உயர்ந்துவிட்டது.

"நீ என் தட்டைத்தான் பாத்தே. ஒரு தடவை மூஞ்சியைப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

எனக்கு அவமானமா கோபமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. யார் மேலாவது பாய வேண்டும் போலிருந்தது. மாக்கின் பக்கம் திரும்பினேன். உங்களுக்குத் தெரியுமா, பெற்றவர்தானே, அன்றைக்கு இலையில் நான் குவித்தபோது பக்கத்தில்தானே நின்றீர்கள், இன்னும் வை என்றுகூடச் சொன்னீர்களே என்று கேட்டேன்.

மாக் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினார். "சின்ன வயசுல வாயில வச்சாலே துப்புவான்," என்றார். "பிடிக்காததைக் குவிச்சா, உயிரோட இருக்கிறவன் வர மாட்டான்னுதான்."

ஒன்பது நாள் என் மனசைக் கேட்டவர், நான் கொண்டுவந்த பழத்தைப் பதிலாக ஏற்று இலை அறுத்தவர், கதவுக்கு வெளியே ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து வராதே வராதே என்றுதான் முணுமுணுத்திருக்கிறார். மகன் செத்திருந்தால் அவர் பசிக்குக் கிழங்குச் சோறு இருக்கிறது. உயிரோடிருந்தால் அன்னாசி அவரைத் தடுத்துவிடும். இத்தனையும் என் கண்ணெதிரில் நடந்தது. நான் பல்லி கத்தியதைக் கேட்டேன்.

முதல் தடவையாக என் வீட்டுக்காரர் முகத்தை நிமிர்ந்து பார்த்தேன். அதில் என்ன இருந்தது என்று இவ்வளவு நேரமாக எழுதப் பார்க்கிறேன், வரவில்லை. லாரியின் கொக்கியை எழுத முடிகிறது.

"உனக்குப் பிடிக்குமா?" என்று கேட்டார்.

அதை என்னிடம் யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. கல்யாணமான முதல் வாரத்துக்குப் பிறகு நான் ஒரு துண்டு அன்னாசிகூடத் தின்றதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவர் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டேன். புளித்தது, இனித்தது, நாக்கு அரித்தது. பிடிக்கும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல் வருவதற்கு முன்னால் அழுகை வந்துவிட்டது. லாரி போன அன்று வர வேண்டியதும், புக்கிட் ரம்பாயில் வர வேண்டியதும், எல்லாம் சேர்ந்து வந்தது என்றுதான் நினைக்கிறேன், நிச்சயமாகத் தெரியாது.

மாக் கையை நீட்டி மகன் தட்டிலிருந்த அன்னாசித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி என் தட்டில் போட்டார்.